வெள்ளையடித்த குடிசை

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம், முட்டுக்குடிசையின் சுவருக்கு இரண்டாம் தடவையாக வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன். முதல் பூச்சு காய்ந்ததும் பழைய மண் நிறம் எட்டிப் பார்த்தது எனக்குப் பிடிக்கவில்லை. எதையும் அரைகுறையாக விட எனக்குத் தெரியாது. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் இருந்தபோதும் அப்படித்தான். பண்டலில் ஒரு பெட்டி கோணலாக இருந்தால் மொத்தத்தையும் பிரித்து அடுக்குவேன். "பூங்கொடிக்குக் கிறுக்குடி" என்று பக்கத்தில் இருப்பவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

சொர்ணத்தாய் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே நகர்ந்தாள். அவள் மகள் செல்வமாரி வாசலில் உட்கார்ந்து, மறுநாள் காட்ட வேண்டிய தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார் நகல், நர்சிங் படிப்பில் இடம் ஒதுக்கிய கடிதம். அந்த இடம் நிலைக்க இன்னும் ஒரே ஒரு தாள் வேண்டும். அவள் காட்டுநாயக்கர், பழங்குடி என்று சொல்லும் சாதிச் சான்று. ஐப்பசி முடிவதற்குள் அதைக் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். சொர்ணத்தாயின் மனுவில் உண்மை இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த அதிகாரி வருகிறார்.

எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குப் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, கரிசல் காட்டுக்கு நடுவில் இருபத்திரண்டு வீடுகள். ஆண்கள் பன்றி வளர்க்கிறார்கள். பெண்கள் ஊர் ஊராகச் சாக்கைத் தூக்கிக்கொண்டு போய், சீப்பில் உதிர்ந்த முடியை வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் டப்பாவும் ஊக்கும் கொடுத்துவிட்டு வருகிறார்கள். வீட்டுக்குள் பேசுவது தெலுங்கு மாதிரி ஒன்று, தெலுங்கு பேசும் பக்கத்து ஊர்க்காரர்களுக்கே பாதிதான் புரியும். எழுத்தறிவுத் திட்டத்தில் தன்னார்வலராகப் பேர் கொடுத்து இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் அங்கே போனேன். "பன்னி மேய்க்கிறவ வீட்டுக்குப் போயிட்டு வந்து அப்படியே அடுப்படியில நுழையாதட்டி" என்று என் மாமியார் அன்றைக்கு ஆரம்பித்தது, இன்றைக்கும் ஓயவில்லை. நானா கேட்பேன்?

போன புதிதில் பாடம் நடத்த இடமில்லை. குடியிருப்புக்கு வெளியே, வேலிக்கருவைக்கு ஓரமாக ஒரு குடிசை நின்றது. மாதவிலக்கான பெண்கள் அங்கேதான் ஐந்து நாள் கிடக்க வேண்டும், அதுதான் முட்டுக்குடிசை. தலை நிமிர்த்த முடியாத உயரம், சன்னல் கிடையாது, தரை பூராவும் ஈரம். வயசுக்கு வந்த பிள்ளைகள் பரீட்சை நாளிலும் அதற்குள்ளேதான். விலக்குத் துணியைத் துவைத்துக் கூரைக்குள் செருகி வைப்பார்கள், அது காயவே காயாது. அந்தத் துணியையே மறுமாதமும் கட்டுவார்கள். எத்தனை பேருக்குப் புண் இருந்தது என்று எண்ணிப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. சோப்புப் போட்டுக் கை கழுவுவதைச் சொல்லிக்கொடுக்கப் போனால், "டீச்சர், குடிக்கவே தண்ணி எட்டு நாளைக்கு ஒரு மட்டம்தான் வருது" என்று சிரித்தார்கள். அதற்கும் ஆபீஸ் ஆபீசாக அலைந்து ஒரு குழாய் வாங்கினேன். துணியை வெயிலில் காயப்போட வைக்க ஆறு மாதம் ஆனது. முட்டுக்குடிசையை ஒழிக்க ஒரு வருடம் பிடித்தது. கடைசியில் அதன் சுவரை உயர்த்தி, சன்னல் திறந்து, கரும்பலகை மாட்டி அதையே வகுப்பாக்கினேன். பன்றிப்பட்டிகளைக்கூட ஓடைக்கு அந்தப் பக்கம் தள்ளவைத்தேன். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை, ஒளிப்பானேன்?

"டீச்சர், போதும், அடிக்காதீங்க."

திரும்பிப் பார்த்தால் குருசாமி அண்ணாச்சி. அந்தக் குடியிருப்புக்கு அவர் சொன்னால் சொன்னதுதான்.

"ஏன் அண்ணாச்சி?"

"வாரவரு இதையெல்லாம் பாத்துக் கையத் தட்டவா வாராரு? நாம எப்படிக் கெடக்கோம்னு பாக்க வாராரு. எந்தம்பி மவனுக்கு விசாரிக்க வந்தப்போ வீட்டுல ஃபேன் ஓடுதுன்னு எழுதி, சான்று இல்லன்னுட்டாவ. பன்னியப் பழையபடி இங்கன கொண்டாந்து கட்டச் சொல்லியிருக்கேன். பொம்பளையள நாளைக்குக் குளிக்க வேண்டாம்னும் சொல்லியிருக்கேன். கையெழுத்துக் கேட்டா எல்லாரும் கைநாட்டு வைக்கட்டும்."

எனக்கு வந்த கோபத்தில், வெள்ளையடித்துக்கொண்டிருந்த மட்டையை வாளிக்குள் போட்டேன். சுண்ணாம்பு அவர் வேட்டியில் தெறித்தது. "அழுக்கா இருந்தாத்தான் சாதின்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு? ரெண்டு வருசம் நாய் மாதிரி அலைஞ்சு இதையெல்லாம் செஞ்சிருக்கேன். ஒரு பெரிய மனுசன் வந்து பாக்கும்போது பன்னியக் காட்டவா? சொர்ணத்தாயி கையெழுத்துதான் போடுவா. சொல்லிட்டேன்."

குருசாமி அண்ணாச்சி வாதாடவில்லை. சொர்ணத்தாயைப் பார்த்து அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தமிழில் சொன்னாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பெருமைக்காக மட்டும் அப்படிச் சொல்லவில்லை என்று பின்னால் பல தடவை எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். நல்ல தன்னார்வலர்களுக்கு மாவட்டத்தில் விருது கொடுப்பதாக ஒரு பேச்சு இருந்தது. வருகிற அதிகாரி நாலு பேரிடம் நம்மைப் பற்றிச் சொல்ல மாட்டாரா என்று அந்த மட்டையைப் பிடித்திருந்தபோது நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்.

அதிகாரி நல்ல மனிதராகவே இருந்தார். ஜீப்பிலிருந்து இறங்கும்போதே செருப்பைக் கழற்றப் போனார், நான்தான் வேண்டாமென்றேன். கொடுத்த தண்ணீரைத் தயங்காமல் வாங்கிக் குடித்தார். அதைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கையில் ஒரு கேள்விப் பட்டியல் வைத்திருந்தார். அவர்களுடைய பாஷையில் பேசச் சொன்னார், பேசினார்கள். "தெலுங்கு மாதிரியே இருக்கே" என்றார். கல்யாணத்தில் என்ன சடங்கு, சாவில் என்ன சடங்கு என்று கேட்டுக்கொண்டே வந்தவர், பட்டியலில் விரலை வைத்து நிறுத்தி, "வீட்டுக்குத் தூரமானா பொம்பளைங்க தனிக்குடிசையில இருக்கணும்னு ஒரு வழக்கம் உண்டே, அது எங்க இருக்கு?" என்றார்.

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். குருசாமி அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். அதற்குள் நான் முந்திவிட்டேன்.

"அதெல்லாம் இப்ப கெடையாது சார். நான் வந்த பெறகு நிறுத்தியாச்சு. அந்தக் குடிசைதான் சார் இப்ப கிளாஸ். வாங்க, காட்டுதேன்."

உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கரும்பலகையைக் காட்டினேன். எழுத்து அட்டையைக் காட்டினேன். கை கழுவும் முறையைப் பெண்களே வரைந்த படத்தைக் காட்டினேன். "ரொம்பச் சிறப்பும்மா" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். அவர் எழுத எழுத எனக்கு உற்சாகம் கூடியது. கடைசியில் சொர்ணத்தாயிடம் தாளை நீட்டினார். அவள் பேனாவை வாங்கினாள். ஒருமுறை என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, தன் முழுப் பெயரையும் எழுதினாள். "அடேங்கப்பா, என்னைவிட அழகா எழுதுறீங்களே" என்றார் அதிகாரி. அவள் வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். புருசனைப் பாம்புக்கடிக்குப் பறிகொடுத்தவள், நான் போய்வந்த இந்த இரண்டு வருடத்தில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நாற்பது நாள் கழித்துத் தபால் வந்தது. அன்றைக்குச் செல்வமாரி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். சொர்ணத்தாய் உறையைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வகுப்பு வாசலில் எனக்காகக் காத்திருந்தாள். நான் கையை நீட்டினேன். அவள் உறையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"நீங்க படிக்காதீங்க டீச்சர். எம்பேருக்கு வந்திருக்கு. நானே படிக்கேன்."

சரி, படி என்று நானும் உட்கார்ந்தேன். புரட்டாசி பிறந்தும் மழை இல்லை. காடு உழுதபடி விதைக்காமல் கிடந்தது. அவள் சுட்டுவிரலை எழுத்துக்கு அடியில் வைத்து நகர்த்திக்கொண்டே, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள்.

"குடி... யிருப்பு நேரில் பார்வை... யிடப்பட்டது. வீடுகளும் சுற்று... ப்புறமும் தூய்மையாகப் பரா... மரிக்கப்படுகின்றன." நிமிர்ந்து, "நல்லாத்தான் எழுதியிருக்காவ, என்ன டீச்சர்?" என்றாள்.

"கொண்டா, நான் பாக்கேன்" என்றேன். அவள் தரவில்லை.

"பெண்கள் தனிக்குடிசையில் இருக்கும் வழக்கம் தற்போது இல்லை. மனுதாரர் தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்." விரல் அங்கேயே நின்றது. "மனுதாரர்னா நானா டீச்சர்? என்னையவா இப்படி எழுதியிருக்காவ?"

"ம்."

அந்த வரியை இன்னொரு தடவை, இந்த முறை நிறுத்தாமல், படித்தாள். பிறகு கீழே வந்தாள். "பழங்குடியினருக்குரிய பண்புகள் காணப்படாததால் மனு நிரா... நிராக... நிராகரிக்கப்படுகிறது." நீளமான வார்த்தை, ஒரு எழுத்து தப்பவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "கடைசி வார்த்த வெளங்கல டீச்சர். அப்படின்னா என்ன?"

பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடாதா என்றிருந்தது. "இல்லன்னு சொல்லிட்டாவ" என்றேன். அவள் தாளை மடித்தாள், விரித்தாள், மறுபடியும் மடித்தாள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நான் வேணும்னே கொஞ்சம் கோணலா எழுதியிருக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

மேல்முறையீடு செய்யலாம் என்று வக்கீல் ஒருவர் வழி சொன்னார். மனுவை நானே எழுதினேன். ஐப்பசி பிறந்து பத்து நாள் ஆனபோது, வேறொரு அதிகாரி, ஒரு அம்மா, மறுநாளே மறுவிசாரணைக்கு வருவதாகத் தகவல் வந்தது. கல்லூரி கொடுத்த கெடு முடிய அப்போது இருபது நாள்தான் பாக்கி. குருசாமி அண்ணாச்சி எல்லாரையும் குழாயடியில் கூட்டினார். என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன்.

"பழைய ஃபைலு அந்தம்மா கையில இருக்கும். அதுல இருக்கிறத இல்லன்னு சொல்ல ஒரு காரணம் வேணும்லா" என்றார் அவர்.

"எம்மேல போடுங்க" என்றேன். "டீச்சருக்குப் பயந்துதான் குடிசை இல்லன்னு சொன்னோம், அவ போன பெறகு பழையபடிதான்னு சொல்லுங்க. கையெழுத்துக் கேட்டா, கோலம் போடுத மாதிரி அவ வரையச் சொல்லிக் குடுத்தா, பேர மட்டும் வரைவேன், ஒரு எழுத்து படிக்கத் தெரியாதுன்னு சொல்லு சொர்ணத்தாயி."

யாரும் மறுப்புச் சொல்லவில்லை. குருசாமி அண்ணாச்சி, "சரி டீச்சர்" என்றார்.

மறுநாள் விடியும்போதே வேலையை ஆரம்பித்தோம். கரும்பலகையைக் கழற்றி ஓடைக்கரையில் கவிழ்த்தோம். எழுத்து அட்டையை நான் கிழிக்கவில்லை, ஆணியிலிருந்து எடுத்துச் சுருட்டி வைத்தேன். சுவரில் கரிசல் மண்ணைக் குழைத்து அப்பினோம். என் கையால் இரண்டு பூச்சு அடித்த வெள்ளை, ஈர மண்ணுக்குள் அரை மணி நேரத்தில் மறைந்துபோனது. சன்னலைப் பனையோலை வைத்து அடைத்தோம். பன்றிகள் வீட்டு வாசலுக்கு வந்தன. முதல் நாள் பெய்த மழைச் சேற்றில் அவை புரண்டு, நாற்றம் எழுந்து, சின்னப்பிள்ளைகள் அதிலேயே விளையாடின. எனக்குக் குமட்டவில்லை. வேண்டிய மட்டும் நாறட்டும் என்றிருந்தது. குடிசைக்குள் ஒரு பெண் இருக்க வேண்டும், வெறும் குடிசையை எந்த அதிகாரி நம்புவாள்? செல்வமாரி தானாகவே பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள். நான் அங்கே இருப்பது தெரியக்கூடாது என்பதால் நானும் அவளோடு உள்ளே ஒளிந்துகொண்டேன்.

உள்ளே ஈர மண் வாடை மூச்சை அடைத்தது. செல்வமாரி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பரீட்சை சமயத்தில் இதே இடத்தில் உட்கார்ந்து உயிரியல் படித்த பிள்ளை.

"அக்கா, நான் நர்ஸாகி இங்கன வந்தா, இந்தக் குடிசையில இருக்காதீங்கன்னு எங்காளுகட்ட சொல்லணும்லா?"

"ஆமா."

"சொன்னா, எனக்குப் பெறகு வார பிள்ளையளுக்குச் சான்று கெடைக்காதுலா?"

"சும்மா கெடட்டி" என்று அதட்டினேன். பதில் தெரியாதபோது அதட்டுவது என் வழக்கம்.

ஜீப் வந்த சத்தம் கேட்டது. ஓலை இடுக்கில் கண்ணை வைத்தேன். அதிகாரி அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். களைத்த முகம். மூக்கைப் பொத்தவில்லை. குடிசைக்கு முன்னால், எனக்குப் பத்தடி தூரத்தில், பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு ஸ்டூலும் போட்டிருந்தார்கள். சேற்றில் நாற்காலிக் கால் ஒரு பக்கம் புதைந்தது. அவர் குருசாமி அண்ணாச்சியிடம் வெகுநேரம் பேசினார். அண்ணாச்சி எடுத்துக் காட்டிய பழைய வேட்டை வலையைத் தொட்டுப் பார்த்தார். குடிசைப் பக்கம் வந்து, "உள்ள யாரு?" என்று கேட்டார். "எம்மவதான் தாயி, இன்னிக்கு மூணாம் நாளு" என்றாள் சொர்ணத்தாய். அவர் அதற்குமேல் நெருங்கவில்லை. செல்வமாரி என் கையைப் பிடித்தாள்.

சொர்ணத்தாய் எண்ணெய் படாத தலையும் கிழிந்த சேலையுமாக ஸ்டூலுக்கு எதிரே தரையில் குத்தவைத்தாள். சொல்லிக்கொடுத்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். குழாயடியில் திக்கியவள் இங்கே திக்கவில்லை.

"ஃபைல்ல கையெழுத்து இருக்கேம்மா? படிக்கத் தெரிஞ்சவங்கன்னு எழுதியிருக்கே?"

"அது அந்த டீச்சர் பண்ணுன வேல தாயி. கோலம் கணக்கா வரையச் சொல்லிக் குடுத்தா. வரைவேன். எழுத்துன்னா நமக்கு என்ன தெரியும்?"

"அந்த டீச்சர் இப்ப வர்றாங்களா?"

"இல்ல தாயி. வெரட்டியாச்சு."

அதிகாரி அம்மா தலையை ஆட்டிவிட்டு எழுதினார். இரண்டு பக்கம் எழுதினார். முகத்தைப் பார்த்தால் நல்லபடியாகத்தான் எழுதுகிறார் என்று எனக்குப் பட்டது. இத்தனை நாள் வாயில் வராத சாமி பேரெல்லாம் வந்தது. எழுதி முடித்துத் தாளை ஸ்டூல்மேல் வைத்து, மைப்பெட்டியைத் திறந்து பக்கத்தில் தள்ளினார். தாள் அவரைப் பார்த்து இருந்தது, சொர்ணத்தாய்க்கு எல்லாம் தலைகீழ்.

"நீங்க சொன்னதைத்தான் எழுதியிருக்கேன். கீழ ரேகை வைங்க."

சொர்ணத்தாய் இடது பெருவிரலை மையில் அழுத்தினாள். தாளின்மேல் கொண்டுவந்தாள். விரல் அந்தரத்தில் நின்றது.

வை, வைத்துவிடு என்று எனக்குள் கத்தினேன். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் எந்தத் தாளிலும் விரல் வைக்கக்கூடாது, யார் நீட்டினாலும் வைக்கக்கூடாது என்று ஒருநாள் கரும்பலகையைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

"அம்மா வச்சிட்டாளாக்கா?" என்றாள் செல்வமாரி.

சொர்ணத்தாய் தாளை வலது கையால் தொட்டு, மெதுவாகத் தன் பக்கம் திருப்பினாள். மை படாமல் பெருவிரலைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, சுட்டுவிரலை முதல் வரிக்கு அடியில் வைத்தாள். விரல் நகர்ந்தது. மகள் பெயர் இருந்த இடத்தில் கொஞ்சம் நின்று, மறுபடியும் நகர்ந்தது. அதிகாரி அம்மா மூடப்போன பேனாவை மூடாமல் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.